நீளமாக எழுதுகிறவர்களுக்கு: எழுதியது காணாமல் போகாமல் இருக்க

"அமர்வு முடிந்துவிட்டது. மீண்டும் உள்நுழையவும்."

ராத்திரி பத்தரை மணிக்குத் திரையில் இந்த வரி வந்தது. ஏற்காட்டில் ஐப்பசி மழை. ஏழு மணிக்கு உட்கார்ந்தவன் நான். காட்டெருமைகள் எங்கள் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்குள் எந்தெந்தத் தேதியில் இறங்கின, எத்தனை செடியை மிதித்தன, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களில் உரசி எத்தனை கொடியை அறுத்தன என்று விவரமாக ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு அலுவலகத்தின் இணையதளத்தில் 'விவரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்துக்குள்ளேயே மூன்றரை மணி நேரம் எழுதிவிட்டு, 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தினேன். மேலே சொன்ன வரி வந்தது. திரும்ப உள்ளே போய்ப் பார்த்தால், ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது கட்டம்.

மறுநாள் நாகலூரில் பெரியப்பாவிடம் புலம்பினேன்.

"நகல் ஒண்ணு வெச்சுக்கலையா கண்ணு?"

"இல்லைங்க பெரியப்பா. நேரா அதுலயே எழுதிட்டேன்."

"தபால் பெட்டி முன்னாடி நின்னுக்கிட்டு யாராவது லெட்டர் எழுதுவாங்களா? வீட்டுல எழுதி, ஒட்டி, எடுத்துட்டுப் போயில்ல போடணும்?"

பெரியப்பா ஸ்மார்ட்போன் வைத்துக்கொண்டதே இல்லை. இருந்தாலும், இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி அவர் சொன்னதுதான். மீதிக் கால்வாசி, வீட்டில் எழுதுவது எப்படி, எடுத்துக்கொண்டு போகும் வழியில் எங்கெங்கே தவறி விழும் என்பது. மனு, விண்ணப்பம், ஊர் வரலாறு, பயணக் குறிப்பு, நாலு பக்கத்துக்கு ஒரு விளக்கம் என்று எதை எழுதினாலும் வேலை ஒன்றுதான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். பழகியவர்கள் தமிழ் எழுத்துக் கணக்கு வரும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அது பழகியவர்களையும் ஏமாற்றும் இடம்.

ஏன் தொலைகிறது?

இணையப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் நீங்கள் தட்டும் எழுத்து, பொத்தானை அழுத்தும் வரைக்கும் உங்கள் போனிலோ கணினியிலோ மட்டும்தான் இருக்கிறது. அதுவும் தற்காலிக நினைவகத்தில். அந்தப் பக்கத்தை நடத்துகிற சர்வருக்கு நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது. அதைப் பொறுத்தவரை, நீங்கள் பக்கத்தைத் திறந்தீர்கள், அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. பாதுகாப்புக்காகப் பல தளங்கள், இத்தனை நிமிடம் அசைவு இல்லையென்றால் ஆள் எழுந்து போய்விட்டார் என்று முடிவுகட்டி வெளியேற்றிவிடும். நீங்கள் எழுதுவதில் மும்முரமாக இருக்க இருக்க, அங்கே நீங்கள் இல்லாதவர் ஆகிக்கொண்டே போகிறீர்கள். என் மனு போனது இப்படித்தான்.

நம்மை ஏமாற்றுவது ஜிமெயில் தந்த பழக்கம். அதில் பாதி எழுதிவிட்டு மூடினாலும் வரைவாகத் தானே சேமித்துவைக்கும். வாட்ஸப்பில் பாதி தட்டிவிட்டு வெளியே வந்தால் அந்தப் பாதி அப்படியே இருக்கும். அதனால் எல்லாக் கட்டமும் இப்படித்தான் என்று கை நம்பிவிடுகிறது. பெரும்பாலான விண்ணப்பக் கட்டங்களுக்கு அந்த வசதி கிடையாது.

அமர்வு முடிவது ஒரு வழி. போனில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் மூன்று வழி உண்டு, மூன்றுமே எனக்கு நடந்தவை. எழுதியதன் தொடக்கத்தைப் படித்துப் பார்க்கலாம் என்று விரலைக் கீழ்நோக்கி இழுத்தால், கட்டம் நகர்வதற்குப் பதில் பக்கமே புதுப்பித்துக்கொள்ளும். வரியின் ஓரத்தில் ஒரு எழுத்தைத் திருத்தப் போனால், ஓரத்திலிருந்து விரல் உள்ளே வழுக்கியதைப் 'பின்னால் போ' என்று போன் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது வழி இருப்பதிலேயே மோசம். படம் இணைக்க கேமராவைத் திறக்கிறீர்கள், அல்லது ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குள் போகிறீர்கள். நினைவகம் குறைவான போன் என்றால், பின்னால் கிடக்கும் பிரவுசரை அந்த நேரத்தில் மூடிவிடும். திரும்பி வரும்போது பக்கம் முதலிலிருந்து ஏறும். ஓடிபி கையில் இருக்கும், மனு இருக்காது.

மலைக்கென்று கூடுதலாக ஒன்று. அடிவாரத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் போன் சிக்னல் வந்து வந்து போகும் என்பது பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தாலும், காற்றுமழையில் ஒரு மரக்கிளை மின்கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், மோடத்துக்கு இருக்காது. திரையில் எழுத்து அப்படியே நிற்பதால் இணையம் அறுந்தது கண்ணில் படாது. அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் குரோமில் அந்தச் சின்ன டைனோசர் வந்து நிற்கும்.

போனில் எழுதுவதென்றால்

போனிலேயே எழுதுகிறவர்கள்தான் இப்போது அதிகம் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதுவதற்கென்று ஒரு செயலியை முடிவு செய்துகொள்ளுங்கள். கூகுள் கீப் போதும். போனோடு வந்த நோட்ஸ் செயலியும் போதும். கீப்பில் சேமி என்று ஒரு பொத்தானே இல்லை, எழுத எழுத அதுவே சேமித்துக்கொள்ளும். சிக்னல் இல்லாத நேரத்தில் போனுக்குள் வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் உங்கள் கூகுள் கணக்குக்கு அனுப்பிவிடும். அதே கணக்கில் கணினியில் திறந்தால் அங்கேயும் இருக்கும். ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் என்றால் கீப் நல்ல இடம்.

அதற்கு மேல் போனால் கூகுள் டாக்ஸுக்கு மாறுங்கள். டாக்ஸ் செயலியில் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டு, ஆஃப்லைனில் கிடைக்கும்படி செய்கிற தேர்வைப் போட்டுவிடுங்கள். சேலத்தில் நல்ல சிக்னலில் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டு மலை ஏறினால், பதினோராவது வளைவில் ஒரு பத்தி தோன்றினாலும் எழுதலாம். எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தால் வாந்தி வராது, எழுதவும் வரும். எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

டாக்ஸில் இன்னொரு வசதி, பழைய பதிப்புகளைத் திரும்ப எடுப்பது. நேற்று நன்றாக இருந்த பத்தியை இன்று வெட்டிவிட்டு, நாளை வேண்டும் என்று தோன்றினால், கணினியில் திறந்து பதிப்பு வரலாறு என்ற இடத்தில் நேற்றைய நிலையைப் பார்க்கலாம். கீப்பை விட டாக்ஸை நான் நம்புவதற்கு இதுதான் காரணம். தொலைப்பது கரண்ட் மட்டுமல்ல, நம் அவசரமும்தான்.

உங்களுக்கு நீங்களே வாட்ஸப்பில் அனுப்பிக்கொள்வதும் ஒரு வழி. 2022 கடைசியில் அதற்கென்றே ஒரு வசதி வந்தது. எழுதுவதற்கு அது வசதிப்படாது. ஆனால் எழுதி முடித்ததன் பிரதி ஒன்றை அங்கே போட்டுவைப்பது நல்லது. போன் ஏரியில் விழுந்தாலொழிய இருக்கும் என்று சொல்ல வந்தேன், எங்கள் ஊரில் படகில் ஏறிச் செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கணினியில் எழுதுவதென்றால்

வேர்டில் எழுதுகிறவர்களில் பலர், அது தானாகச் சேமிக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மேலே மூலையில் இருக்கும் அந்த தானியங்கிச் சேமிப்பு, கோப்பு மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இருந்தால்தான் வேலை செய்யும். உங்கள் கணினியிலேயே வைத்திருக்கும் கோப்புக்கு இருப்பது வேறு ஒன்று. கணினி திடீரென்று நின்றுபோனால் மீட்டுத் தருவதற்காக அவ்வப்போது ஒரு பிரதி எடுத்துவைக்கும். வழக்கமாக அது 10 நிமிடத்துக்கு ஒருமுறை. லிப்ரே ஆஃபிஸிலும் 10 நிமிடம்தான். ஒன்பதாவது நிமிடத்தில் கரண்ட் போனால் அந்த ஒன்பது நிமிட எழுத்து போனதுதான். இரண்டிலும் அமைப்புகளுக்குள் போய் அதை 2 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். கணினி கொஞ்சம்கூட முனகாது.

அப்படியும் கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தும் பழக்கத்தை விடாதீர்கள். காப்பி அறுவடைக் காலத்தில் மலையில் யாரும் சொல்லித்தராமலே நடக்கிற காரியம் ஒன்று உண்டு. களத்தில் காயும் கொட்டையைப் பொழுது சாய்வதற்கு முன்னால் கூட்டி, குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். இன்றைக்குப் பனி இறங்குமா என்று வானத்தைப் பார்த்து யோசிப்பதில்லை. இறங்கினாலும் இறங்காவிட்டாலும் மூடுவதுதான். கண்ட்ரோல்–எஸ்ஸும் அப்படி இருக்க வேண்டும். ஒரு பத்தி முடிந்ததும் விரல் தானாகப் போக வேண்டும்.

நோட்பேடில் எழுதும் தமிழ் ஆட்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. விண்டோஸ் 10-இல் 2019 மே மாதப் பதிப்புக்கு முன்பு வரை, நோட்பேட் வழக்கமாக ஆன்சி என்ற பழைய குறியீட்டில்தான் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமில்லை. சேமிக்கும்போது ஒரு எச்சரிக்கை வரும், நாம் படிக்காமல் சரி என்று தட்டிவிடுவோம். மறுநாள் திறந்தால் எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறி நிற்கும். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. பழைய கணினி என்றால் சேமிக்கும் பெட்டியின் அடியில் குறியீடு என்ற இடத்தில் யூடிஎஃப்–8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்புகளில் அதுவே இயல்பாக இருக்கிறது. விண்டோஸ் 11-இன் புதிய நோட்பேட், சேமிக்காமல் மூடியதையும் அடுத்த முறை திறக்கும்போது எடுத்துக்கொடுக்கிறது. நல்ல மாற்றம்தான், இருந்தாலும் அதை நம்பி உட்கார வேண்டாம்.

கூகுள் டாக்ஸைக் கணினியில் இணையம் இல்லாமல் பயன்படுத்த வேண்டுமானால், இணையம் இருக்கும்போதே குரோமிலோ எட்ஜிலோ அதன் ஆஃப்லைன் வசதியைப் போட்டுவைத்திருக்க வேண்டும். கரண்ட் போன பிறகு தேடினால் கிடைக்காது. குடையை மழைக்கு முன்னால் வாங்குகிற கதைதான்.

கோப்புக்குப் பெயர் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. என் கணினியில் ஒருகாலத்தில் 'மனு கடைசி', 'மனு கடைசி புதுசு', 'மனு இதுதான் கடைசி' என்று மூன்று கோப்புகள் இருந்தன. அனுப்பியது நாலாவதை. இப்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் போட்டு, பிறகு பெயரை எழுதுகிறேன். அப்படி வைத்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும், எது புதியது என்ற சந்தேகமே வராது.

எழுத்துக் கணக்கு

எழுதியாயிற்று. இனிக் கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவதற்கு முன், அந்தக் கட்டம் எவ்வளவு கொள்ளும் என்று பார்த்துவிடுங்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்குத் தகவல் உரிமை மனு போடும் இணையதளத்தில் மனுவின் வாசகம் 3000 எழுத்துக்குறிகளுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பிடிஎஃப் கோப்பாக இணைக்கச் சொல்கிறார்கள். மற்ற இடங்களில் வேறு வேறு எண்கள் இருக்கும், கட்டத்துக்குக் கீழே பொடியாகப் போட்டிருப்பார்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். நாம் எழுத்து என்று எண்ணுவதும் கணினி எண்ணுவதும் ஒன்றல்ல. 'ஏற்காடு' நமக்கு நாலு எழுத்து. கணினிக்கு ஏழு. ஏ ஒன்று, ற ஒன்று, அதன் மேல் புள்ளி ஒன்று, க ஒன்று, கால் ஒன்று, ட ஒன்று, உகரக் குறி ஒன்று. 'சேர்வராயன்' நமக்கு ஆறு, அதற்குப் பத்து. இடைவெளிக்கும் ஒன்று. அதனால் 3000 என்று போட்டிருந்தால், நம் கணக்கில் இரண்டாயிரத்துக்குள்தான் நிற்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். டாக்ஸிலும் வேர்டிலும் எழுத்துக்குறி எண்ணிக்கை பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் இடைவெளியையும் சேர்த்த எண்ணைப் பாருங்கள்.

அளவுக்கு மேல் ஒட்டினால் என்ன ஆகும்? சில கட்டங்கள் சிவப்பில் திட்டும். அது நல்லது. சில கட்டங்கள் ஒன்றும் சொல்லாமல், கொள்கிற வரைக்கும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். நாம் எழுதும் மனுவில் முதல் ஒன்றரைப் பக்கம் சூழ்நிலை, வரலாறு, வருத்தம். கடைசிப் பத்தியில்தான் 'ஆகவே இன்னது செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று வரும். வெட்டுப்படுவது அந்தப் பத்தி. ஆறு மாதத்துக்கு முன் எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. அவருடைய மனு, 1820களில் சேலத்துக் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காப்பி பயிரிட்டதிலிருந்து ஆரம்பித்து, தோட்டப் பாதை எப்படி உருவானது என்று போய், 'எனவே தாங்கள் உடனடியாக' என்ற இடத்தில் நின்றுவிட்டது. உடனடியாக என்ன செய்ய வேண்டும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரிய வழியில்லை. கோரிக்கையை முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். காக்பர்ன் காத்திருப்பார்.

எடுத்துப் போய் ஒட்டுவது

முதலில் எழுதிய இடத்தில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். கணினியில் கண்ட்ரோல்–ஏ, அப்புறம் கண்ட்ரோல்–சி. வெட்டி எடுக்கும் கண்ட்ரோல்–எக்ஸ் பக்கம் போகவே வேண்டாம். வெட்டினால் மூலமும் காலி, ஒட்டுவது தவறினால் கையிலும் ஒன்றும் இருக்காது. கண்ட்ரோல்–ஏ போட்டு எல்லாம் நீலமாக இருக்கும் நேரத்தில் தெரியாமல் வேறு ஒரு எழுத்தைத் தட்டிவிட்டால், பத்துப் பக்கமும் போய் அந்த ஒரு எழுத்து மட்டும் நிற்கும். பதற வேண்டாம். கண்ட்ரோல்–இசட் ஒருமுறை, எல்லாம் திரும்ப வந்துவிடும். அதற்கு முன்னால் சேமித்து மூடிவிடாமல் இருந்தால் போதும்.

நகலெடுத்த பிறகு வேறு எதையும் நகலெடுக்காதீர்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஓடிபி வரும்போது அறிவிப்பிலேயே 'நகலெடு' என்று ஒரு பொத்தான் வரும். அதைத் தொட்டால் உங்கள் மனு போய் ஆறு இலக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓடிபியை மேலிருந்து இறங்கும் அறிவிப்பிலேயே படித்துக் கையால் தட்டுவது நல்லது. செய்திக்குள் போக வேண்டியதும் இல்லை, பிரவுசர் மூடிக்கொள்ளும் ஆபத்தும் குறைவு. படங்களையும் முன்கூட்டியே எடுத்து, அளவைச் சுருக்கி, ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நகலெடுத்தவற்றின் பட்டியலை வைத்துக்கொள்ளும் வசதி கணினி, போன் இரண்டிலும் உண்டு. விண்டோஸில் விண்டோஸ் விசையும் வி-யும் சேர்த்து அழுத்தினால், கடைசியாக நகலெடுத்த 25 வரை காட்டும். முதல் தடவை அதை இயக்கிவைக்க வேண்டும். கணினியை நிறுத்தித் தொடங்கினால், குத்திவைத்தவை (அழியாமல் இருக்க 'பின்' செய்தவை) தவிர மற்றவை போய்விடும். போனில் ஜிபோர்டு விசைப்பலகையில் கிளிப்போர்டு இருக்கிறது. அதில் குத்திவைக்காதவை ஒரு மணி நேரத்தில் அழியும். இவை அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். பலர் கைவைக்கும் கணினியில் இதை இயக்கிவைத்தால், உங்கள் மனுவை அடுத்து உட்காருகிறவரும் படிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒட்டும்போது கண்ட்ரோல்–ஷிப்ட்–வி என்று ஒட்டினால் தடித்த எழுத்து, வண்ணம் போன்றவற்றை விட்டுவிட்டு வெறும் எழுத்து மட்டும் வரும். வேர்டிலிருந்து வரும் வளைந்த மேற்கோள்குறிகளைச் சில தளங்கள் ஏற்பதில்லை, 'தவறான குறியீடு' என்று மொத்தத்தையும் திருப்பிவிடும். அப்படி வந்தால் மேற்கோள்குறி, நீளக் கோடு இரண்டையும் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒட்டியதும் கட்டத்தின் கடைசி வரிக்குப் போய், உங்கள் கடைசி வரிதான் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அமர்வு. உள்நுழைந்து வெகு நேரம் ஆகியிருந்தால், வெளியேறி மறுபடி நுழைந்து, புதிதாகப் படிவத்தைத் திறந்து ஒட்டுவதே நல்லது. எழுத்து வெளியே பத்திரமாக இருப்பதால் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இணையம் இருக்கிறதா என்று இன்னொரு தாவலில் (டேப்) ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அழுத்துங்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் இரண்டாவது முறை அழுத்தாதீர்கள், இரட்டை மனுவாகப் போய் இரண்டும் முடங்கலாம்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு எண் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் பக்கத்தைக் கண்ட்ரோல்–பி (P) போட்டு பிடிஎஃப் ஆகவும் சேமித்து, மனு இருக்கும் அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள். மனுவின் மூலத்தை எண் வந்துவிட்டது என்று அழிக்கக் கூடாது. மேல்முறையீடு என்று வந்தால் அதே வாசகம் திரும்ப வேண்டும்.

வெளியே போய்த் தட்டச்சு செய்வதென்றால்

கணினி இல்லாதவர்கள் சேலத்துக்கு இறங்கி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமோ ஐந்து ரோடு பக்கமோ டிடிபி கடையில் கொடுத்து அடித்துக்கொள்வது உண்டு. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, யூனிகோடில், அதாவது எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் பொது முறையில், அடிக்கிறீர்களா என்பது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறையில் அடித்தால் அச்சில் அழகாக வரும். இணையக் கட்டத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக நிற்கும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் கை பழகிய எழுத்துருவைக் கடைக்காரர்கள் லேசில் விடுவதில்லை, அவர்கள் வேகம் அதில்தான் இருக்கிறது. அடித்தது பழைய முறையில்தான் என்றால், மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றியதை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம்.

பிரவுசிங் சென்டரில் நீங்களே எழுதுவதானால், அந்தக் கணினியில் சேமித்ததை நம்பாதீர்கள். சில இடங்களில் கணினியை நிறுத்தித் தொடங்கினால் எல்லாம் பழையபடி துடைத்துக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொண்டு, கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போய்விட்டால்

ஒன்றையும் மூடாதீர்கள். முதலில் பின்னால் போகும் அம்பை ஒரே ஒருமுறை அழுத்திப் பாருங்கள், சில நேரம் கட்டம் எழுத்தோடு திரும்பி வரும். வந்தால் அடுத்த காரியம் கண்ட்ரோல்–ஏ, கண்ட்ரோல்–சி. வேறு எதையும் தொட வேண்டாம். தாவலையே மூடிவிட்டிருந்தால் கண்ட்ரோல்–ஷிப்ட்–டி (T), மூடிய தாவலைத் திறக்கும். ஃபயர்பாக்ஸில் எழுத்து திரும்பி வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். பிறகு நகலெடுத்தவற்றின் பட்டியலைப் பாருங்கள், நடுவில் எப்போதாவது நகலெடுத்திருந்தால் பாதியாவது அதில் கிடக்கும்.

பத்து நிமிடத்தில் வரவில்லையென்றால் வராது. அடுத்து செய்ய வேண்டியது, உடனே ஒரு தாளை எடுத்து, நினைவில் இருக்கும் தேதி, எண், பெயர், நல்ல வாக்கியம் ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் துண்டு துண்டாகக் குறிப்பது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் வாதம் நினைவிருக்கும், விவரம் மறந்துபோகும். நான் அந்த ராத்திரி கோபத்தில் படுத்துவிட்டேன். காலையில், காட்டெருமைகள் வந்த தேதிகள் பதினொன்றில் நாலுதான் நினைவுக்கு வந்தன.

மீதியைத் தந்தது அத்தை. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுகிற கட்டங்களுக்குள், மாடு இறங்கிய நாளுக்கெல்லாம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்திருந்தார். "எதுக்கும் இருக்கட்டும்னு போட்டு வெச்சேன்டா, நீதான் கேக்கவே இல்லையே" என்றார். அதை வைத்து, டாக்ஸில், ஒன்றேகால் பக்கத்தில், கோரிக்கையை முதல் பத்தியில் வைத்து எழுதினேன். மூன்றரை மணி நேரம் எழுதியதை விடச் சின்னது, உண்மையைச் சொன்னால் அதைவிட நல்லதும்கூட. ஒட்ட நாலு நிமிடம் ஆனது. வந்த எண்ணை நான் போனில் பிடித்துக்கொண்டேன். அத்தை அதையும் காலண்டரில் அன்றைய கட்டத்தில், ஒன்றரை லிட்டர் பாலுக்குக் கீழே, எழுதிக்கொண்டார்.